கொலுவில் மலையான அட்டைப்பெட்டி

ரயிலுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. இதை அன்றைக்கே பத்துத் தடவை சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அப்பா, அம்மா, நான், தம்பி, போதாததற்குப் புதிதாகக் கல்யாணமான சித்தப்பாவும் சித்தியும். குறுக்கே அம்மாவின் பழைய புடவை திரையாகத் தொங்கும். அந்தப் பக்கம் சித்தி தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து அப்பா, "தீர்க்காயுசு" என்பார்.

சித்தப்பாவின் கம்பெனி துரை, சீமைக்குத் திரும்பும்போது தன் பழைய சாவி ரயிலை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சிவப்பு எஞ்சின், மூன்று வண்டிகள், வட்டமாகத் தண்டவாளம். அட்டைப்பெட்டியின் மூடியில் அதே ரயில் புகைவிட்டுக்கொண்டு போகும் படம். இப்படிப்பட்ட ரயில்களைச் சேர்க்கும் பார்சி சேட் ஒருவர் அதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பணத்தைப் 'பகடி' என்று அந்த ஊரில் சொல்லும் வாடகை முன்பணமாகக் கொடுத்து, செம்பூரில் ஓர் அறை பிடித்துத் தனிக்குடித்தனம் போவதாகத் திட்டம். சித்தி அப்போதே ஜன்னல் துணி தைத்து வைத்துவிட்டாள்.

நவராத்திரி வந்தது. கொலுவுக்குக் கீழே பார்க் போடுவது என் பொறுப்பு. "ரயிலை வெச்சுக்கோ. ஆனா ஒரு கீறல் படப்படாது, சேட் வரப்போறார்" என்றார் சித்தப்பா. டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரயில் போக மலைக்குகை வேண்டாமா? டப்பாவை இரண்டு பக்கமும் வெட்டிக் கவிழ்த்து, மேலே மூடியையும் வைத்து, ஈரமண்ணை அப்பி, கடுகு தூவினேன். நாலைந்து நாளில் மலை பச்சைப்பசேலென்று முளைத்தது. சுண்டலுக்கு வந்த மாமிகள், "சமத்துடி நீ!" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். சித்தப்பாவும் மெச்சினார். மண்ணுக்கடியில் இருப்பது எது என்று அவருக்குத் தெரியாது.

சேட் வந்தார். எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சாவி கொடுத்தார், ரயில் குகைக்குள் புகுந்து வந்ததும் குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு, "டப்பா கிதர் ஹை?" என்று பெட்டி எங்கே எனக் கேட்டார்.

நான் பெருமையாக மலையைக் காட்டினேன்.

சித்தப்பா மண்ணை விலக்கினார். ஊறிப்போன மூடியிலிருந்து படம் உரிந்து அவர் விரலோடு வந்தது. சேட் நிஜமாகவே வருத்தப்பட்டார். டப்பா இல்லாவிட்டால் இது வெறும் பொம்மைதானாம். பொம்மை பொம்மையாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. அம்மா கொடுத்த சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார்.

"ரயிலுக்கு ஒண்ணும் ஆகலையே, சித்தப்பா!"

"ஒண்ணும் ஆகலைடி கொழந்தே" என்றார். அடித்திருந்தாலாவது ஏதோ புரிந்திருக்கும்.

சித்தி ஜன்னல் துணியை மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, திரைக்கு அந்தப் பக்கம் போய் அழுதாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது. சித்தி எங்களோடேயே இருக்கப்போகிறாளே! ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சமாதானம் சொன்னேன்.

"அழாதே சித்தி. இந்தத் திரையை எடுத்துடலாம். எல்லாரும் ஒண்ணாவே படுத்துக்கலாம்."

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். நல்ல யோசனைதானே சொன்னேன், இதற்கு ஏன் வாயைப் பொத்துகிறாள் என்று விழித்துக்கொண்டு நின்றேன்.