எண்பத்தெட்டு டிகிரியில் நின்ற முழங்கால்

1. பச்சை விளக்கு

முழங்காலில் கட்டும் சென்சார் பேண்டை முதன்முதலாக என் கையில் கொடுத்தபோதே, "சார், இதுல நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுமே இல்ல" என்றார் எங்கள் ஆய்வுத் தலைவர். முப்பது வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவனிடம் இப்படிச் சொல்வது அவருக்கு மரியாதையாகவே பட்டிருக்க வேண்டும்.

விபத்தில் அடிபட்டவர்களுக்குக் கருவியின் உதவியோடு வீட்டிலேயே பயிற்சி கொடுத்துத் தேற்ற முடியுமா என்று பார்க்கும் ஆய்வு அது. நிதி வெளிநாட்டுடையது, முழங்கால்கள் ஜவ்வாது மலையினுடையவை. கால் தொண்ணூறு டிகிரியை நெருங்கும்போது பேண்டில் மஞ்சள் விளக்கு துடிக்கும்; தொண்ணூறைத் தொட்டால் பச்சை விளக்கு எரியும். எரிந்தால் நோயாளி குணமானதாக அர்த்தம். பேண்டைக் கழற்றிக்கொண்டு, க்ளோஸிங் ஃபார்மில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

தொண்ணூறு டிகிரி என்பது நாற்காலியில் உட்காரும் அளவு. பயிற்சியும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுதான். நான் போன வீடுகளில் நாற்காலி இல்லை. வாங்கித் தரச் சொல்லிக் கேட்டேன். நிதியில் கருவிக்கு இடமுண்டு, மேஜை நாற்காலிக்கு இடமில்லை என்று பதில் வந்தது. என் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியை டூவீலரின் பின்னால் கட்டிக்கொண்டு மலையேறினேன். பந்தல்காரன் என்று நினைத்து, யார் வீட்டில் விசேஷம் என்று வழியில் விசாரித்தார்கள்.

"இங்க ஜனங்க குந்தித்தான் களை எடுக்கிறாங்க. தொண்ணூறு டிகிரி எந்த மூலைக்கு?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"குந்தறதைப் பத்தி ஃபண்டிங் ஏஜென்சிக்கு எப்படி சார் எழுதறது? அவங்க ஊர்ல யாரும் குந்தறதில்லையே" என்றார்.

முதலில் பச்சை எரிந்தது கோவிந்தனுக்கு. புளிய மரத்திலிருந்து விழுந்தவர். கையெழுத்துப் போட்டேன். அவர் நாற்காலியில் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் படம் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. நாற்காலி மட்டும் என்னுடையது.

2. மஞ்சள்

லோடு வண்டி கவிழ்ந்து முழங்கால் சில்லு உடைந்தவர் மல்லிகா. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். கணவர் கேரளாவில் எஸ்டேட் வேலையில் இருந்ததால் சாமைக் கொல்லை மொத்தமும் இவர் தலையில். களை எடுக்கும் காலத்துக்குள் குந்த முடியாவிட்டால் அந்த வருடச் சாமை போச்சு.

கால் மளமளவென்று தேறியது. எண்பத்தெட்டு டிகிரிக்கு வந்தது. அங்கேயே நின்றது. வாரா வாரம் எண்பத்தெட்டு. டேப்லெட்டில் கிராஃப் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடாகத் தெரிந்தது.

"அந்த லேடிக்கு மோட்டிவேஷன் இல்ல சார். கவுன்சிலிங் வீடியோ போட்டுக் காட்டுங்க" என்றார் தலைவர்.

வீடியோவில் ஒரு பெண் சோபாவில் உட்கார்ந்து, எழுந்து, புன்னகைத்தார். மல்லிகா கடைசி வரை பார்த்தார். "சோபா நல்லா கீதுங்க" என்றார்.

ஒரு நாள் பேண்டைக் கழற்றிப் பையில் வைக்கும்போது என் பேனா கீழே உருண்டது. மல்லிகா சட்டென்று காலை மடக்கித் தணிந்து எடுத்துக் கொடுத்தார். நூற்றுப் பத்து டிகிரியாவது இருக்கும். இதைச் சொல்ல என் கண்ணுக்கு சென்சார் தேவையில்லை.

"மல்லிகா, இது எண்பத்தெட்டு இல்லையே?"

அவர் மறைக்கவில்லை. "மஞ்ச வெளக்கு லேசா துடிக்கும் சார். அப்ப நிறுத்திக்குவேன். பச்ச எரிஞ்சா நீங்க வரமாட்டீங்க இல்ல? கோவிந்தண்ணன் வூட்டுக்கு அப்புறம் போனீங்களா?"

போகவில்லை.

"அவரு இன்னும் குந்த முடியாம கொல்ல ஓரமா நின்னுக்கினு கீறாரு. எனக்கு அப்டி ஆவக்கூடாதுங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதே நேரம் வியப்பாகவும் இருந்தது. இரண்டு டிகிரி பாக்கி வைத்துக் காலை நிறுத்த எனக்கே வராது.

அதன் பிறகு முதல் பத்து நிமிடம் நாற்காலி, பேண்ட், எண்பத்தெட்டு. அது ஆய்வுக்கு. பிறகு பேண்டைப் பையில் போட்டுவிட்டுத் தரையில் சாக்கை விரித்து, குதிகாலைத் தொடையோடு சேர்த்து என் கையால் அழுத்துவேன். மல்லிகா முந்தானையைக் கடித்துக்கொள்வார். ஆய்வு முறைப்படி நான் செய்தது தவறு. தெரிந்தேதான் செய்தேன்.

3. ரெவ்யூ

களை எடுப்பு தொடங்க இருந்த சமயத்தில் ரெவ்யூ கமிட்டி ஜீப்பில் வந்தது. அவர்களுக்கு மட்டும் எங்கிருந்தோ ஏழு நாற்காலிகள் முளைத்தன. மல்லிகா என் நாற்காலியில் உட்கார்ந்து பிசகாமல் எண்பத்தெட்டு மடக்கிக் காட்டினார்.

"இவங்களுக்குத்தான் இம்ப்ரூவ்மென்ட் இல்லையா?" என்று கமிட்டி மேடம் கேட்டார்.

"படிப்பு கம்மி மேடம். கருவியைப் புரிஞ்சுக்கல" என்றார் தலைவர்.

மல்லிகா பேண்டை அவிழ்த்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்துபோய், குதிகால் இரண்டும் தரையில் பதியக் குந்தி, ஏழு டம்ளரிலும் டீ ஊற்றினார். ஊற்றி முடிக்கும் வரை குந்தியே இருந்தார். மேடம் குனிந்து அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கி, "டீ நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, முன்னேற்றம் இல்லை என்று எழுதினார். அதன் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஜீப் போனதும் மல்லிகா கேட்டார். "இன்னா சார் எழுதிக்கினாங்க?"

"நீங்க தேறலன்னு."

"எழுதிக்கட்டும். நாளைலர்ந்து களை எடுக்கப் போறேன். நீங்க வராதீங்க, வூட்ல இருக்கமாட்டேன்" என்று நாற்காலியில் கிடந்த பேண்டை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்ப்பதற்கு முன், அந்தக் காலுக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்று கேளுங்கள். கோவிந்தனிடம் நான் அதைக் கேட்கவே இல்லை.

ஜீப் வந்துபோன மறுநாள் கோவிந்தன் வீட்டுக்குப் போனேன்.

"இன்னா சார், மெசினு இல்லாம வந்துக்கிறீங்க?"

"வைத்தியம் பண்ண வந்திருக்கேன்" என்றேன்.

அவர் நம்பாமல் என் பைக்குள் எட்டிப் பார்த்தார்.