சின்னப்பன் சூளையை மூடிய மதியம்

சின்னப்பன் இறந்த செய்தி நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வந்தது. இடைவேளையில் அவருடைய மகள் ஸ்டெல்லா கைப்பேசியில் கூப்பிட்டாள். "அப்பா காலைல போயிட்டாரு டீச்சர். சாயந்தரம் எடுக்கறோம். நம்ம நகர்ல இருக்கறவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க" என்றாள். அழுது முடித்த குரல். வீடு திரும்பியதும் ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொன்னேன். "எந்தச் சின்னப்பன்?" என்று சிலர் கேட்டார்கள். செங்கல் சூளை என்றதும் எல்லோருக்கும் தெரிந்தது. நல்லவிதமாகத் தெரிந்தது என்று சொல்ல முடியாது.

உழவர்கரையில் எங்கள் நகர் வருவதற்கு முன்பே அவருடைய சூளை அங்கே இருந்தது. மனைகள் விற்றுப்போய், வீடுகள் நெருங்கி, கடைசி வரிசை சூளைக்கு மேற்கே வந்து நின்றது. என் வீடு அந்த வரிசையில். பிற்பகலில் கடல்காற்று எழுந்தால் புகை முழுக்க எங்கள் பக்கம்தான். காயப்போட்ட துணி கறுத்தது, பிள்ளைகள் இருமினார்கள். முதல் கோடையிலேயே கூட்டம் போட்டு அவரை அழைத்தோம். "உங்க வீடெல்லாம் என் கல்லுலதான் நிக்குது" என்று சொல்வார் என நினைத்து, அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தோம். அவர் அதைச் சொல்லவில்லை. எல்லோரும் பேசித் தீர்க்கும்வரை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு, "பொகை இல்லாம சுட எனக்குத் தெரியாது. கொறைக்கத் தெரியும். வந்து பாருங்க" என்றார்.

நாங்கள் சிலர் போனோம். சுடாத பச்சைக் கல்லை ஒரு வீட்டு உயரத்துக்கு அடுக்கி, வெளிப்புறம் முழுக்கச் சேறு பூசியிருந்தார்கள். அடியில் வரிசையாகச் சூளை வாய்கள். அவற்றில் சவுக்குக் கட்டையைச் செருகிக் கொளுத்தினால், தீ அடுக்கடுக்காக மேலே ஏறி உச்சி வரிசை வேக நாள்கணக்கில் ஆகும். முதலில் கனமாக வெளியேறும் வெள்ளைப் புகை கல்லின் ஈரம். கல்லை இன்னும் கொஞ்சம் வெயிலில் காட்டினால் அது குறையும். காய்ந்த விறகாகப் போட்டால் கரும்புகை குறையும். இரண்டையும் செய்வதாகச் சொன்னார். செய்தார். நடுவில் அணைக்க முடியாதா என்று எங்களில் ஒருவர் கேட்டார். "தண்ணி ஊத்துனா கல்லு வெடிச்சுடும் சார். சூளைய அணைக்க முடியாது, மூடத்தான் முடியும். நடுவுல மூடுனா வேகாம நின்னுடும்" என்றார்.

சுனாமி வந்த வருடத்தின் கோடை அது. என் அப்பாவுக்கு வெகுநாளாக இழுப்பு நோய். அந்தக் கோடையில் ஒரு நாள் காற்றே இல்லை. புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவருக்கு மூச்சு முட்டியது; உதடு நீலம் பாரித்தது. வாயில் அடித்துக்கொள்ளும் மருந்து பலிக்கவில்லை. ஆட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை. நான் சூளைக்கு ஓடினேன். சண்டை போடவா, உதவி கேட்கவா என்பது எனக்கே தெளிவில்லை. "அப்பாவுக்கு மூச்சு வரல" என்று மட்டும் சொன்னேன்.

சின்னப்பன் சூளையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். தீ பாதிதான் ஏறியிருந்தது. அவருடைய மனைவியின் தம்பியும் தொழிலில் கூட்டாளியுமான ஆரோக்கியம் பக்கத்தில் நின்றார்.

"வாயை மூடு" என்றார் சின்னப்பன்.

"நான் ஒண்ணும் பேசலியே மாமா."

"சூளை வாய்டா. எல்லாத்தையும் அடச்சு சேறு பூசு."

"மேல பாதி வேகல மாமா. வீராம்பட்டினத்துக்குச் சொல்லி வெச்ச கல்லு இது. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"தெரியும். மூடு."

கல் ஏற்றும் டெம்போவை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். அப்பாவை அவரே தூக்கி முன்னிருக்கையில் சாய்த்து, ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டினார். டாக்டர் வந்து பார்த்ததும் சின்னப்பன் சூளைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அப்பா பிழைத்து வீடு வந்தார். சூளையைப் பிரித்தபோது மேல் வரிசைகள் வேகாமல் வெளுத்துக் கிடந்தன. வீராம்பட்டினத்துக்காரர்கள் வேறு இடத்தில் கல் வாங்கிக்கொண்டார்கள். வாக்குத் தவறிய கோபத்தில் ஆரோக்கியம் கூட்டை முறித்துக்கொண்டு தவளக்குப்பம் பக்கம் தனியாகச் சூளை போட்டார். அக்கா வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். அதில் வருத்தம் உண்டா என்று சின்னப்பனிடம் ஒருமுறை கேட்டேன்.

"வேகாத கல்ல அடுத்த சூளைல அடில வெச்சு திரும்பச் சுட்டுட்டேன் டீச்சர். ஆரோக்கியத்த எப்படித் திரும்பக் கூப்புடறதுன்னுதான் தெரியல" என்றார்.

இதன் பிறகு நாங்கள் சிநேகமாகிவிட்டோம் என்று எழுதினால் அது பொய். அடுத்த கோடையிலும் புகை வந்தது. சூளையை எடுக்கச் சொல்லி நகர்க்காரர்கள் மனு எழுதினார்கள். சில நாள் கழித்து அவர் என்னைத் தெருவில் நிறுத்தினார்.

"நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களாமே?"

"போட்டேன்."

"போட வேண்டியதுதான். பொகை பொகைதானே" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போனார். குத்தகை முடிந்ததும் அவராகவே இடத்தைக் காலி செய்தார். அங்கே இப்போது வீடுகள்.

அடக்கத்துக்கு எங்கள் நகரிலிருந்து பலர் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் ஆரோக்கியம் தனியாக நின்றார். தலை நரைத்திருந்தது. மண் போட்டு முடிந்து கூட்டம் கலையும்போது என்னிடம் வந்தார்.

"டீச்சர், அன்னிக்கு உங்க அப்பா பொழச்சாரா?"

இத்தனை வருடம் அவர் யாரிடமும் அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பொழச்சாரு. என் பொண்ணு கல்யாணம் வரைக்கும் இருந்தாரு" என்றேன்.

அவர் தலையசைத்தார். ஸ்டெல்லாவின் அம்மா இருந்த பக்கம் நடந்தார். அக்காவும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னப்பனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்று உண்டு. அன்று அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. எவ்வளவு நேரமாக இப்படி, கொஞ்சம் பொறுக்க முடியுமா, வேறு யாரும் இல்லையா என்று ஒரு கேள்விகூட இல்லை. வகுப்பறை வாசலில் யாராவது முகம் வெளுத்து வந்து நின்றால் நானும் இப்போது முதலில் எழுந்துவிடுகிறேன். கேட்க வேண்டியதை நடந்துகொண்டே கேட்டுக்கொள்கிறேன்.