அக்கா சொன்ன வரி

மச்சானை நினைத்தாலே அந்தக் கறுப்புக் கண்ணாடிதான் முதலில் கண்ணில் நிற்கிறது. மாமியார் வீட்டில் இலை முன் உட்கார்ந்தபோதும் அதைக் கழற்றாத மனிதர். என் அக்காவின் கணவர். கீரமங்கலம் பூக்கடை ஒன்றில் ஏலம் கூறிக்கொண்டே, யூடியூபில் பாடுகிறவர்களுக்குக் காதல் பாட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டு நன்றாகவே ஓடின. மாலை என்னவோ பாடியவர்களுக்குத்தான் விழுந்தது. "எழுதுனவன எவன் மாப்ள பாக்குறான்? இனிமே நானே பாடப் போறேன்" என்றார். தொண்டை ஏலக்காரத் தொண்டை. அதைக் கம்ப்யூட்டர் சரிசெய்தது. வரிக்குத்தான் திண்டாட்டம்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிப்போனது. ஆஸ்பத்திரியிலிருந்து இருவரையும் என் வேனில் அழைத்து வந்தேன். ஆலங்குடி தாண்டும்போது அக்கா, "தொட்டிலுக்குன்னு எடுத்து வச்ச சேலைய இனி எப்புடிக் கட்டுவேன்" என்றாள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதேன். முன்சீட்டில் மச்சான் செல்போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு திருவிழாவில் அவருடைய முதல் பெரிய மேடை. அக்காவைக் கூட்டிப்போயிருந்தேன். காதலி ஏமாற்றிவிட்டுப் போனதாகக் கதையை மாற்றி, அக்கா வேனில் சொன்ன அதே வரியைக் குத்துத் தாளத்தில் பாடினார். விசில் பறந்தது. இடுப்பை வெட்டி வெட்டி ஆடினார். அக்கா அழவில்லை. பாட்டு முடியும்வரை இருந்து கேட்டுவிட்டு, "தம்பி, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றாள். அவள் சொன்னது பொன்னமராவதியில் இருக்கும் எங்கள் அப்பா வீட்டை.

மறுநாள் கண்ணாடியோடு வந்து நின்றார். "ஒன் வரிக்கு ஊரே அழுவுதுடி. சந்தோசப்படாம இங்கிட்டு வந்து ஒக்காந்திருக்கே." ஊரே ஆடியதைத்தான் நான் பார்த்தேன். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. "என் வலியைத்தான் எழுதுகிறேன்" என்று பேட்டிக்குப் பேட்டி நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். கேட்கவே கூசியது. பிறகு வந்த பாட்டுகள் வந்த சுவடே தெரியாமல் போயின.

போன மாதம் போன் செய்தார். "மாப்ள, ஒங்க அக்கா எதையாச்சும் சொல்லிப் பொலம்புறாளா? ரெண்டு வரி கெடச்சாப் போதும்."

அப்போது நான், அப்பா வீட்டுக்கு வந்தபின் அக்கா தொடங்கிய தையல் கடையில் இருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள்:

"நான் இப்ப நல்லா இருக்கேன்னு சொல்லு தம்பி. அதுல அவுகளுக்குப் பாட்டு வராது."