மங்களூர் வண்டிக்கு மூன்று டிக்கெட்

டாக்டர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். மார்ச் மாத வெயிலில், கண் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், என்னைப் பார்த்துச் சொன்னார். "சர்க்கரை இடது கண்ணை எடுத்துடுச்சு. வலது கண்ணுக்கு ஊசி போட்டுக்கிட்டுதான் வரோம். எவ்வளவு நாள் தாங்கும்னு சொல்ல முடியாது. அவங்களுக்கு ஏதாவது பார்க்கணும்னு ஆசை இருந்தா சீக்கிரம் காட்டிடுங்க." அம்மா எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். கண் போகிறவர்களுக்குக் காதும் போய்விடும் என்று டாக்டர்கள் நினைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோ திருவொற்றியூர் தேரடி தாண்டியதும் அம்மா என் முழங்கையைத் தட்டினாள்.

"மலை பாக்கணும்டி."

"இன்னா மலை?"

"பச்ச மலை. மழ பேஞ்சுகினே கீற காட்டு மலை. உன் போன்ல காட்னியே, அத்த."

"திருப்பதி போயிருக்கியே. அது மலை இல்லாம இன்னா?"

"அது சாமி. பஸ்ல தூங்கிகினே ஏறுனேன், கியூவுல முன்னால போறவ முதுகப் பாத்துகினே நின்னேன், தூங்கிகினே எறங்குனேன். அங்க எங்க மலை பாத்தேன்? ஹார்பர்ல கொட்டி வெச்சிருக்கற நெலக்கரிதான் நான் பாத்த மலை."

முப்பது வருஷம் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்து, புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு மாடிகளில் ஏறி இறங்கி விற்றவள். எங்கள் அப்பா போன பிறகு என்னையும் தம்பியையும் வளர்த்தது அந்தக் கூடைதான். இந்த முப்பது வருஷத்தில் எதையும் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டு நான் கேட்டதில்லை. அதனால் உடனே "போலாம்மா" என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு என்ன, வாய்தானே.

தம்பி மீன்பிடி லாஞ்சுக்குப் போகிறவன், அம்மாவோடு எங்கள் மீனவக் குப்பத்திலேயே இருக்கிறான். நான் கல்யாணமாகி எர்ணாவூர் போய்விட்டேன். அன்று சாயங்காலமே அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். வருகிறேன் என்றான், ஆனால் ஒரு நிபந்தனை வைத்தான். "கடலு இல்லாத ஊர்ல எனுக்கு தூக்கமே வராது யக்கா. மலையும் வெச்சிக்கோ, கடலும் வெச்சிக்கோ." பிறகு அம்மாவைப் பார்த்து, "மேற்கால கடல்ல சூரியன் உள்ள எறங்கும்மா. நம்மளுதுல ஏறுது, அவங்களுதுல எறங்குது" என்றான். அம்மா அதை நம்பவில்லை. அவளுக்குத் தெரிந்து சூரியன் மறைவது மணலி புகைபோக்கிகளுக்குப் பின்னால். ஆனால் அதையும் பார்த்துவிட வேண்டும் என்று சேர்த்துக்கொண்டாள்.

ஆக, மழைக்காடு மலை ஒன்று, மேற்குக் கடல் ஒன்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் கப்பல் சரக்குக்கான பேப்பர் அடிக்கிறேன். எத்தனையோ பேருடைய சரக்கை எந்தெந்த நாட்டுக்கோ அனுப்பத் தெரிந்த எனக்கு மூன்று பேரை ஒரு மலைக்கு அனுப்பத் தெரியவில்லை. ஒரு வாரம் போனைத் தடவிக் குழம்பினேன். கடைசியில் வழி சொன்னது எங்கள் ஆபீஸுக்குப் பேப்பர் வாங்க வரும் டிரெய்லர் டிரைவர். "மங்களூர் போங்க மேடம். கடல் அங்கேயே இருக்கு. அங்கேயிருந்து பஸ்ஸு புடிச்சா மத்தியானத்துக்குள்ள ஆகும்பேன்னு ஒரு மலை. மழைன்னா அங்கதான் மழை. காட்டுல பகல்லயே லைட்டு போட்டு வண்டி ஓட்டணும்."

நாள் பார்ப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை மீன்பிடித் தடைக்காலம். லாஞ்செல்லாம் கரையில் நிற்கும், தம்பி சும்மா இருப்பான். மே கடைசி வாரம் என்று முடிவு செய்தேன். முன்பதிவு திறக்கிற நாளில் காலை எட்டு மணிக்கு நான் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் தம்பி போனிலுமாக உட்கார்ந்து மங்களூர் வண்டிக்கு மூன்று டிக்கெட் எடுத்தோம். ஒரு கீழ் பெர்த் கிடைத்தது. கீழ் பெர்த்துதானா என்று அம்மா மூன்று முறை கேட்டுக்கொண்டாள். கடலில் இரண்டு நாள், மலையில் மூன்று நாள் என்று டைரியில் எழுதி, அதற்குக் கீழே அடிக்கோடும் போட்டேன்.

அதற்குப் பிறகு அம்மா குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். குழாயடியில் சொன்னாள், ஊசி போடுகிற நர்ஸிடம் சொன்னாள். மலையில் மீன் கிடைக்காது என்று தானே முடிவு செய்து நெத்திலிக் கருவாடு ஒரு டப்பா கட்டினாள். ரயிலில் நாறும், பக்கத்துப் பெர்த்காரர்கள் இறக்கிவிடுவார்கள் என்றேன். "எறக்கி வுட்டா நடந்து போறேன், ஒனக்கு இன்னா?" என்றாள். அவ்வளவு துள்ளலாக அவளை நான் பார்த்ததே கிடையாது.

ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை தம்பி என் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"யக்கா, ஊர்க்கூட்டம் போட்டாங்க. காப்பு கட்ற தேதி சொல்ட்டாங்க."

எங்கள் ரயிலுக்கு இரண்டு நாள் முன்னால்.

எங்கள் குப்பத்தில் அம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டால், பத்து நாள் கழித்து அதை அவிழ்க்கிற வரை ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது சாய்ந்தால் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். பால் குடித்த நாளிலிருந்து தெரிந்த விஷயம் இது. தடைக்காலத்தில் ஆண்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்ட நான், திருவிழா வைக்கிற ஊரும் அதே கணக்கைத்தான் போடும் என்று யோசிக்கவில்லை. பத்து வருஷ எர்ணாவூர் வாழ்க்கையில் எனக்கு லீவு என்றால் ஆபீஸ் லீவுதான் என்றாகிவிட்டது. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன், நிஜமாகவே வலிக்கும்படி.

ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போனேன். முறைக்கு எனக்குப் பெரியப்பா. ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "தோ பாரும்மா, ஒருத்தருக்கோசரம் ஊர மாத்த முடியுமா? மேளம், பந்தலு எல்லாம் சொல்லியாச்சு. தள்ளினா தொழில் தொறந்துடும்." பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். "ஒண்ணு பண்ணு. காப்பு கட்றதுக்கு மின்னாடியே ஊர வுட்டுக் கெளம்பிடட்டும். உன் வூட்ல ரெண்டு நாள் தங்கி, அங்கேர்ந்து ரயில் ஏறட்டும். கண்ணு விசயம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் கதையில் பூசாரி கொடுத்துவிட்டார். வேண்டாம் என்றது அம்மா.

"ஆத்தாவுக்குக் கண்மலர் சாத்தறேன்னு வேண்டிகினு கீறேன்" என்றாள். வெள்ளித் தகட்டில் செய்த இரண்டு கண்களை ஏற்கெனவே வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். எனக்குத் தெரியாது. "அவ மின்னாடி நிக்காம மலைக்குப் போய் நின்னா, எந்தக் கண்ணால பாக்கறது?"

நான் கத்தினேன். ஆத்தா கண் கொடுத்துவிடுவாள் என்றால் மாசாமாசம் எதற்கு ஊசி, எதற்கு நான் லீவு போட்டுக்கொண்டு அலைகிறேன் என்றெல்லாம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் மஞ்சள் துணியை மறுபடி முடிந்துகொண்டே, "ரெண்டு பேரும் குடுக்கட்டுமே, வேணான்னா சொல்றேன்?" என்றாள். ஊரோடு சண்டை போடலாம், ரயில்வேயோடுகூடப் போடலாம். அந்த மஞ்சள் முடிச்சோடு போட முடியாது.

டிக்கெட்டை ரத்து செய்தேன். திருவிழாவுக்குப் பிறகு எல்லா வண்டியும் வெயிட்டிங் லிஸ்ட். பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் குறைந்த பிறகு, ஜூன் மூன்றாம் வாரம்தான் இடம் கிடைத்தது. அதற்குள் தடைக்காலம் முடிந்து கடல் திறந்துவிடும். "அறுவது நாள் கழிச்சு மொதத் தொழிலு யக்கா. நான் ஏறலன்னா வேற ஆள ஏத்திகினு போய்டுவாங்க" என்று தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான். கடல் வேண்டும் என்று கேட்டவன் அவன், அவனைக் கடலே பிடித்துக்கொண்டது. அவன் டிக்கெட்டையும் ரத்து செய்தேன்.

ஜூனில் அங்கே மழை பிடித்துவிடும் என்பது தெரியாமல் இல்லை. மூன்று பேரும் சந்தோஷம்தான் பட்டோம். "மழையோட பாத்தாதான் காட்டு மலை" என்றாள் அம்மா. "மழைக்கால மலை வேற மாதிரி மேடம்" என்று டிரைவர் சொன்னதை நான் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன். எங்களுக்குத் தெரிந்த மழை ஐப்பசி மழை. கடலில் அது எங்கே பெய்கிறது என்று கரையிலிருந்தே தெரியும். வரும், கொட்டும், விலகும், அந்தப் பக்கம் அடிவானம் கழுவி வைத்தாற்போல நிற்கும். மழை வந்தால் மலை காணாமல் போகும் என்று கடற்கரையில் பிறந்த எங்களுக்கு யார் சொல்வார்கள்?

கிளம்புகிற வாரம் அம்மா எனக்கு டீ ஊற்றினாள். கொஞ்சம் டம்ளருக்குப் பக்கத்தில் தரையில் விழுந்தது. மேகமூட்டமாக இருக்கிறது, வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துடைத்தேன்.

மங்களூரில் கடல் ஆள் உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது. கரையில் சிவப்புக் கொடி நட்டு, விசில் ஊதி எல்லோரையும் விரட்டினார்கள். அங்கே அப்போதுதான் தடைக்காலம், படகுகள் எல்லாம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. இரண்டு சாயங்காலமும் சூரியன் எங்கே இறங்கியது என்று மேகத்துக்குத்தான் வெளிச்சம். அம்மா குடைக்குள் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். "நம்ம கடலு மாதிரியேதான் கத்துது. வா, மலைக்குப் போலாம்" என்றாள்.

மலையில் நாங்கள் தங்கியது ஒரு ஓட்டு வீடு. வீட்டுக்கார அம்மா கன்னடத்தில் ஏதோ சொல்லி, வராந்தாவுக்கு எதிரே கையை நீட்டிக் காட்டினாள். மலை அங்கே இருக்கிறது என்று புரிந்தது. அங்கே வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான். முற்றத்துப் பாக்கு மரங்கள் நாலு தெரிந்தன, ஐந்தாவது தெரியவில்லை.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னாடி, ஒண்ணும் தெரில?" என்றாள்.

"மூட்டம்மா. எனக்கும் தெரியல."

"நெசமா ஒனக்கும் தெரிலயா?"

"உன் மேல சத்தியமா தெரியல."

அவள் தொடையைத் தட்டிச் சிரித்தாள். "அப்போ கண்ணு நல்லாதான் கீது! நான் பயந்தே போனேன்." போனில் ஒரே ஒரு சிக்னல் கோடு கிடைத்த இடத்தில் நின்று, அப்போதுதான் கரைக்குத் திரும்பியிருந்த தம்பிக்குப் போன் போட்டு, அக்காவுக்கே தெரியவில்லையாம், பனியாம், என்று பெருமையாகச் சொன்னாள். இரண்டு நாளும் காதில் மப்ளர் கட்டிக்கொண்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து அந்த வெள்ளையைப் பார்த்தாள். கருவாட்டை வறுத்து வீட்டுக்கார அம்மாவுக்கும் கொடுத்தாள். நடுநடுவே "வுட்டுச்சா?" என்று என்னைக் கேட்பாள். "இன்னும் விடலம்மா" என்பேன். இந்தப் பயணமே வீண் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாமல் ஆத்திரப்பட்டேன்.

மூன்றாம் நாள் காலை கிளம்ப வேண்டும். பத்து மணிக்கு பஸ். எட்டரை மணிக்கு மழை நின்றது. இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். பனி பள்ளத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. முதலில் மரங்கள், அதற்குப் பின்னால் இன்னும் மரங்கள், பிறகு மலை. நான் நினைத்ததைவிட ரொம்பப் பக்கத்தில் இருந்தது. உச்சியைப் பார்க்கத் தலையைத் தூக்க வேண்டியிருந்தது. அத்தனை விதமான பச்சையை நான் பார்த்ததில்லை. மூன்று இடத்தில் தண்ணீர் வெள்ளைக் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

அம்மா, பார் என்று சொல்லத் திரும்பினேன். அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது, முகம் நேராக மலையை நோக்கி இருந்தது. முகத்தில் நேற்றும் முந்தாநாளும் இருந்த அதே காத்திருப்பு.

"இன்னிக்கும் வுடல பாரு" என்றாள். "ஒனக்கும் தெரிலதான?"

வீட்டுக்கார அம்மா உள்ளேயிருந்து சந்தோஷமாக ஓடி வந்து கையை நீட்டினாள். நான் தலையை ஆட்டி அவளைத் தடுத்தேன். என்ன புரிந்ததோ, நீட்டின கையை மெதுவாக இறக்கிக்கொண்டாள்.

"எனக்கும் தெரியலம்மா" என்றேன்.

பத்து மணி வரை வெயில் அடித்தது. பஸ் வருகிற வரை நாங்கள் இருவரும் மலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம்.