மைக்கில் சுகம், வயிற்றில் வலி

நீங்கள் சொன்ன சாட்சி அன்றைக்கே பொய்யாகிப் போயிருக்கிறதா? எனக்கு ஆகிப் போனது. அதுவும் ஆண்டவர் சுகம் தந்தார் என்று சபை முன் மைக்கில் சொன்ன சாட்சி.

போன வருடம், கல்லூரியில் கடைசி செமஸ்டர். சாப்பிட்டால் போதும், வயிற்றைப் பிழிகிற வலி. வாந்தி. பூந்தமல்லியில் மூன்று கிளினிக் ஏறினோம். மூன்றிலும் கேஸ் மாத்திரைதான். அம்மா மூன்று நாள் உபவாசம் இருந்தார், நானும் சேர்ந்துகொண்டேன். வலி நின்றது! ஞாயிறன்று நசரத்பேட்டை சபையில் எழுந்து, "சுகமாயிட்டேன்" என்றேன். ஒரே கைதட்டல். அம்மா அழுதார்.

வயிறு காலி, அதனால் வலியில்லை. இந்தச் சின்ன லாஜிக் இன்ஜினியரிங் மண்டைக்கு ஏறவில்லை.

மதியம் சபையில் போட்ட பிரியாணி நாலு வாய் உள்ளே போனதும் வலி திரும்பியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆண்டவர் பேர் கெட்டுவிடுமே! பதினோரு நாள் நடித்தேன். அம்மாவுக்குச் சத்தம் கேட்காமலிருக்க, குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் சுருண்டு விழுந்தேன். வயிறு கல் மாதிரி. கூட இருந்த சபை நண்பன் கார்த்தி பதறினான்.

"இன்னா மச்சான், சுகமாயிட்டேன்னு சொன்ன?"

"இல்லடா. தெனமும் வலிக்குது."

"லூசு! என்கிட்டயாவது சொல்லக் கூடாது? ஏறு ஆட்டோல!"

ஆட்டோவில்தான் நிஜமாக ஜெபித்தேன். "ஆண்டவரே, உங்க பேரை நான் காப்பாத்த வேணாம். நீங்க என்னைக் காப்பாத்துங்க. இது இன்னான்னு யாருக்காவது காட்டுங்க. செத்துருவேன் போல கீது."

ஆஸ்பத்திரியில் சர்ஜன் முதலில் என் உதட்டைத்தான் பார்த்தார். அதில் கறுப்புப் புள்ளிகள் உண்டு. தம் அடிக்கிற வாய் என்று கார்த்தி ஓட்டுவான்.

"இது எப்பலேர்ந்து இருக்கு தம்பி?"

ஓடி வந்திருந்த அம்மாதான் பதில் சொன்னார். "கைக்கொழந்தைலேர்ந்தே கீது சார். எனக்கும் கீது பாருங்க."

பார்த்தார். அவர் முகம் மாறியது.

அபூர்வமான பரம்பரை நோயாம். குடலுக்குள் சதைக் கட்டிகள் வளருமாம். உதட்டுப் புள்ளிகள் அதன் அடையாளமாம். ஸ்கேனில் பார்த்தால், ஒரு கட்டி இழுத்து, குடல் குடலுக்குள்ளேயே செருகிக் கிடந்தது. உடனே ஆபரேஷன். அழுகத் தொடங்கிய ஒரு சாண் குடலை வெட்டி, கட்டிகளை எடுத்து, மீதியை இணைத்தார்கள்.

மூன்று கிளினிக்கில் யாரும் கவனிக்காத உதட்டைச் சர்ஜனுக்குக் காட்டியது யார்? எனக்குத் தெரியும். தையல் பிரித்ததும் அதே மைக்கில், "அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன், அப்புறம் மறைச்சுட்டேன்" என்றேன். இந்த முறை கைதட்டல் இல்லை. பரவாயில்லை. வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். ஆண்டவரிடமும், டாக்டரிடமும். நடிப்பவனையே கைவிடாதவர், உங்களையா விடுவார்?

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து டைப் செய்கிறேன். அதே கட்டிகள் இருக்கிறதா என்று குடலில் கேமராக் குழாய் விட்டுப் பார்க்க அம்மாவை உள்ளே கூட்டிப்போய் ஒரு மணி நேரம் ஆகிறது. கதவு இன்னும் திறக்கவில்லை.