கோல்கேனனுக்குப் பாத்தி கட்டிய கதை

நெய் பால் பொருள் அல்ல என்று ஐம்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். பால் வெள்ளை, நெய் மஞ்சள். பால் வெளியே வைத்தால் ஒரே நாளில் திரிந்துவிடும். நெய் அடுப்புப் பக்கத்தில் ஆறு மாதம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கறந்து, தோய்த்து, கடைந்து, உருக்கி... இத்தனையையும் தாண்டி வந்த ஒரு வஸ்துவுக்கும் பசுவுக்கும் இன்னும் என்ன உறவு? நானே இருபத்து மூன்று வருடம் நியூ ஜெர்சியில் இருந்து, வரிசையில் நின்று, கை தூக்கிச் சத்தியம் செய்து சிட்டிசன் ஆகிவிட்டேன். நெய்க்கு மட்டும் பூர்வீகத்தைக் கிளறுவது என்ன நியாயம்?

இந்த வாதத்தை என் மகள் காவ்யாவிடம் வைத்தேன். வைத்த நேரம் சரியில்லை.

காவ்யா காலேஜில் இரண்டாம் வருடம். எங்கள் மான்மவுத் ஜங்ஷன் வீட்டிலிருந்து முக்கால் மணி நேர டிரைவ். போன செப்டம்பரில், பால் தயிர்கூடத் தொடாத வீகன் ஆகிவிட்டதாகப் போனில் சொன்னாள். "அதுக்கென்ன, நாமதான் காலங்காலமா வெஜிடேரியனாச்சே. அதேதான் இது" என்று வாழ்த்தினேன். அவள் எதிர்முனையில் விட்ட பெருமூச்சை வைஃபை கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் பொங்கலுக்கு வந்தாள். வெண்பொங்கல் சட்டியைப் பார்த்து, "அப்பா, இதுல டெய்ரி ஏதாவது?" என்று கேட்டாள். அவள் தமிழில் பேசுவதே அபூர்வம். அந்தச் சந்தோஷத்தில் "சுத்தமா இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். இரண்டு தட்டு சாப்பிட்டாள். தட்டு கழுவப் போனவள், அடுப்புக்குப் பக்கத்தில் நெய் பாட்டிலையும், அதில் செருகியிருந்த ஸ்பூனில் ஒட்டியிருந்த பொங்கல் பருக்கையையும் பார்த்துவிட்டாள்.

"டிட் யூ லை டு மீ?"

அப்போதுதான் மேற்படி வாதத்தை வைத்தேன். பசு, பூர்வீகம், சிட்டிசன்ஷிப்... எல்லாம். முழுதாகக் கேட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். கிளம்பிப் போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால் அந்த வாதத்தில் எனக்கே பாதிதான் நம்பிக்கை. நெய் என்று சொன்னால் சாப்பிட மாட்டாளே என்றுதான் 'இல்லை' என்றேன். அது பொய். சின்னப் பொய். நெய் மினுமினுக்கும் பொய்.

அடுத்த முறை வந்தபோது கையில் ஒரு கண்ணாடி டப்பா. உள்ளே வேகவைத்த கீன்வா தானியமும் கொண்டைக்கடலையும். எங்கள் டைனிங் டேபிளில், எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். கோபமில்லை, முறைப்பில்லை. "பாஸ் த வாட்டர், ப்ளீஸ்" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்து யாரோ சாப்பிடுவதைப் பார்ப்பதுபோல இருந்தது.

மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் டப்பா.

"சண்டை போட்டாக்கூட பரவால்லைங்க" என்றாள் என் மனைவி வசந்தி. "பெத்தவங்க வீட்டுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வர்றா. எல்லாம் உங்க வாயால வந்தது."

வாயால் வந்ததை உருளைக்கிழங்கால் சரிசெய்யலாம் என்ற யோசனை மார்ச் மாதம் வந்தது. காவ்யாவின் ரூம்மேட் க்ளேர். பூர்வீகம் அயர்லாந்து. (பாருங்கள், எல்லோருக்கும் பூர்வீகம் இருக்கிறது.) மார்ச் வந்தால் அவள் அப்பா கோல்கேனன் என்று ஒன்று செய்வாராம். இந்த வருடம் ஊருக்குப் போக முடியாததால் க்ளேர் அதையே சொல்லிப் புலம்புவதாகக் காவ்யா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே புகுந்து போனைப் பிடுங்கினேன்.

"ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை லஞ்சுக்கு வாங்க. நான் பண்றேன். வீகனா பண்றேன்."

எதிர்முனையில் மறுபடி அந்த வைஃபை கோளாறு. பிறகு, "ஓகே... பட் ஐ வில் ஸ்டில் பிரிங் மை பாக்ஸ்" என்றாள்.

சரி, கோல்கேனன் என்றால் என்ன? வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு. அதில் வதக்கிய கேல் கீரை அல்லது முட்டைக்கோஸ், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், சூடான பால், உப்பு, மிளகு. எல்லாம் கலந்து கிண்ணத்தில் குவித்து, நடுவில் ஒரு குழி பண்ணி, அதில் வெண்ணெயை விட்டு உருக வைப்பார்கள். ஓரத்திலிருந்து எடுத்து எடுத்து அந்த வெண்ணெய்க் குளத்தில் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. சோற்றில் பாத்தி கட்டி ரசம் விடுவதை இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஐம்பது வருடப் பயிற்சி உள்ளவன் நான். குழி விஷயத்தில் எந்த ஐரிஷ்காரரும் என் கிட்டே நெருங்க முடியாது.

பாலுக்குப் பதில் ஓட்ஸ் பால். சுலபம். வெண்ணெய்தான் படுத்தியது. சூப்பர்மார்க்கெட்டில் செடி கொடி வெண்ணெய்க்கென்றே ஒரு அலமாரி. ஆலிவ், அவகாடோ, முந்திரி, பாதாம்... ஒவ்வொரு டப்பாவாகப் புரட்டிப் பொடி எழுத்தைப் படித்தேன். வக்கீல் நோட்டீஸைக்கூட நான் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. கடைசியில் பச்சை மூடி போட்ட முந்திரி வெண்ணெய் ஒன்று. முன்பக்கம், பின்பக்கம், மூடி, மூன்று இடத்தில் 'பால் பொருள் இல்லை' என்று சத்தியம் செய்திருந்தது. மூன்று முறை மறுக்கிறதே, எனக்குச் சொந்தக்காரனோ என்று ஒரு சந்தேகம் வந்தாலும், வாங்கிவிட்டேன்.

புதன்கிழமை ஒத்திகை. மசிப்பதற்கு மிக்ஸி இருக்க மத்து எதற்கு என்று உருளைக்கிழங்கை மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று விட்டேன். அது பசையாகிவிட்டது. கரண்டியைத் தூக்கினால் ஜாரும் கூடவே வந்தது. வசந்தி எட்டிப் பார்த்து, "கராஜ்ல வால்பேப்பர் பிஞ்சு கிடக்கு, அதுக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒத்திகையில் பாதி டப்பா வெண்ணெய் போனது. மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புத்தியாகப் பருப்பு மத்தை எடுத்தேன். கிழங்கு பஞ்சுபோல மசிந்தது. ஓட்ஸ் பால் சேர்ந்தது. கேலும் வெங்காயத்தாளும் பச்சைப் பசேலென்று கலந்தன. குவித்தேன். குழி வெட்டினேன். ஃப்ரிட்ஜைத் திறந்து பச்சை மூடி டப்பாவை எடுத்தேன்.

டப்பா நிறைய இருந்தது.

பாதிதானே இருக்க வேண்டும்? இங்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பரவாயில்லையே, நாம் நினைத்த அளவு செலவாகவில்லை என்று சந்தோஷப்பட்டேன். ஒரு கரண்டி எடுத்துக் குழியில் போட்டேன். மணல் மணலாக இருந்தது. உருக உருக கமகமவென்று அப்படியே நெய் வாசனை. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முந்திரியிலிருந்து நெய் மணத்தையே கொண்டுவந்துவிட்டார்களே. விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது என்று கண்டுபிடித்தவரை மனதாரப் பாராட்டி, இன்னும் ஒரு கரண்டி போட்டேன்.

இரண்டு பேரும் சரியாக ஒரு மணிக்கு வந்தார்கள். க்ளேர் கிண்ணத்தைப் பார்த்ததும் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். காவ்யா தன் கண்ணாடி டப்பாவை மேஜைமேல் வைத்தாள். திறக்கவில்லை. கோல்கேனனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வாட்ஸ் இன் த ஹோல்?"

இந்தக் கேள்விக்காகத்தானே ஐந்து நாளாகக் காத்திருந்தேன். கோர்ட்டில் சாட்சிப் பொருளை நீட்டுவதுபோலப் பச்சை மூடி டப்பாவை நீட்டினேன். "படி. சத்தமா படி."

படித்தாள். முன்பக்கம், பின்பக்கம், மூடி. முகம் கொஞ்சம் இளகியது. "வாவ், அப்பா" என்றாள். ஒரு பெரிய ஸ்பூன் நிறையத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். ஜனவரிக்குப் பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாடு அவள் தட்டில் விழுந்தது அப்போதுதான்.

நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிச்சனுக்குள் போனேன். வசந்தி எங்கள் இருவருக்கும் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த நெய்யைக் கொஞ்சம் குடுங்க."

"எந்த நெய்?"

"உங்க கையில இருக்கறதுதான்."

கையைப் பார்த்தேன்.

"அந்த முந்திரி வெண்ணெய் நல்லாதான் இருந்துது, டோஸ்ட்ல தடவித் தடவி நான்தான் தீத்தேன். வெள்ளிக்கிழமை நெய் காய்ச்சினேன். பாட்டில் ரொம்பிடுச்சு. இதுல மூடி நல்லா டைட்டா இருந்துதேன்னு மீதியை இதுல ஊத்தி உள்ள வெச்சேன். ஏன், என்ன?"

நம் வீடுகளில் எந்த டப்பாவில் எழுதியிருப்பது உள்ளே இருந்திருக்கிறது? தயிர் டப்பாவில் இட்லி மாவு. ஐஸ்கிரீம் டப்பாவில் கறிவேப்பிலை. சல்சா பாட்டிலில் புளிக்காய்ச்சல். இதெல்லாம் தெரிந்த நான், போயும் போயும் ஒரு டப்பாவின் பேச்சை நம்பிவிட்டேன். அதைவிட மோசம், என் மகளையும் நம்ப வைத்துவிட்டேன்.

கிச்சனுக்கும் டைனிங் டேபிளுக்கும் ஏழு அடி. அந்த ஏழு அடியில் எனக்கு வந்த யோசனைகளை வரிசையாகச் சொல்கிறேன், என் தரம் உங்களுக்குப் புரியும். ஒன்று: ஸ்மோக் அலாரத்தை அமுக்கி எல்லோரையும் வெளியே துரத்திவிடலாம். இரண்டு: தடுக்கி விழுவதுபோல மேஜைத் துணியை இழுக்கலாம். மேஜையில் துணி இல்லை. மூன்று...

மூன்றாவதுதான் பயங்கரமான யோசனை. பேசாமல் இருந்துவிடலாம். லேபிள் இருக்கிறது. அவளே படித்தாள். வசந்தி சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? சாப்பிடுவாள். கண்ணாடி டப்பா திறக்காமலே திரும்பிப் போகும். நான் ஜெயித்துவிடுவேன்.

வசந்தி தோசைக் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தேன். காவ்யா ஒரு வாய் எடுத்து, குழி இருந்த பக்கமாகத் தோய்த்து, ஊதிக்கொண்டிருந்தாள்.

"காவ்யா, வெச்சுடு. அதுல நெய் இருக்கு."

க்ளேருக்கு 'நெய்' புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷம் என்று நினைத்தாளோ என்னவோ, கையிலிருந்த ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டாள்.

காவ்யா ஸ்பூனைத் தட்டில் இறக்கினாள். "பட் ஐ ரெட் த லேபிள்."

"லேபிள் நிஜம்தான். உள்ள இருக்கறது அம்மா காய்ச்சின நெய். எனக்கே இப்பதான் தெரியும்."

என் கையிலிருந்த பச்சை மூடி டப்பாவை வாங்கி மோந்து பார்த்தாள். "அப்பா. யூ குட் நாட் ஸ்மெல் திஸ்?"

"வந்துது. சயின்ஸ்னு நெனச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. 'சயின்ஸ்' மட்டும் புரிந்து க்ளேர்தான் சிரித்தாள். காவ்யா டப்பாவை மூடி மேஜைமேல் வைத்தாள். பிறகு, எனக்குச் சொல்வதுபோலவும் இல்லாமல் தனக்குச் சொல்வதுபோலவும் இல்லாமல், "யூ டோல்ட் மீ பிஃபோர் ஐ ஏட் இட்" என்றாள்.

"ஆமா."

"ஓகே. உருளைக்கிழங்கு இன்னும் இருக்கா?"

நாலு இருந்தது. கேல் ஒரு கைப்பிடி. முந்திரி வெண்ணெய்தான் இல்லை, அது டோஸ்ட் வழியாகப் போய்விட்டது. மறுபடி வேக வைத்தேன். காவ்யா அடுப்புப் பக்கத்திலேயே நின்றாள். ஓட்ஸ் பாலை ஊற்றுமுன் அவளே மோந்து பார்த்தாள். குழிக்கு என்ன விடுவது? வசந்தி நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து நீட்டினாள். காவ்யா லேபிளைப் படித்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

வசந்தி ஒரு நிமிடம் யோசித்தாள்.

"நல்லெண்ணெய்தான்டி" என்றாள் கடைசியில். "நேத்துதான் பிரிச்சேன்."

நல்லெண்ணெயைச் சூடாக்கி வெங்காயத்தாளைப் போட்டுப் பொரித்துக் குழியில் விட்டேன். இட்லி மிளகாய்ப் பொடிக்கு நடுவே குழி பண்ணி எண்ணெய் விட்ட கை. தப்பவில்லை.

இதற்குள், வீகன் இல்லாத க்ளேர் நெய்க் கோல்கேனனில் பாதியை முடித்திருந்தாள். தன் அப்பா செய்வதைவிட நன்றாக இருக்கிறது, ஆனால் அவரிடம் சொல்ல மாட்டேன் என்றாள். அந்தப் பெண்ணுக்குப் பொய்யின் அவசியம் இந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது. மீதிப் பாதியை நானும் வசந்தியும் தோசையோடு சாப்பிட்டோம்.

நல்லெண்ணெய்க் கோல்கேனன் எப்படி இருந்தது? நான் ருசி பார்க்கவில்லை, அதனால் தெரியாது. காவ்யா இரண்டு முறை போட்டுக்கொண்டாள். பிறகு கண்ணாடி டப்பாவைத் திறந்து, அதிலிருந்த கீன்வாவை என் தட்டில் கொட்டிவிட்டு, மீதமிருந்த உருளைக்கிழங்கை அதில் அடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.