எண்ணெய்ப் புட்டிச் சாமி

எங்க அக்கா வீட்டுக்காரருக்குச் சிலைன்னாலே ஆகாது. சிதம்பரத்துல குடியிருந்துக்கிட்டு, தேர் வர்ற அன்னைக்கு ஜன்னலை இழுத்துச் சாத்திட்டு உள்ள உக்காந்திருப்பாரு. பக்கத்து வீட்டம்மா பூசை பண்ணிக் குடுக்குற சுண்டல அப்புடியே குப்பையில கொட்டச் சொல்லுவாரு. வீட்டு ஜெபக் கூட்டத்துல அவருக்கு ரொம்பப் புடிச்ச பேச்சு ஒண்ணு உண்டு. ஒரு ஆளு மரத்த வெட்டுனானாம், பாதிய அடுப்புல வச்சுச் சோறாக்கித் தின்னானாம், மீதிய செதுக்கி வச்சு ‘என்னைக் காப்பாத்து’ன்னு அது கால்ல விழுந்தானாம். பைபிள்ல தீர்க்கதரிசி சொன்னதுதான். ஆனா மாமா சொல்லும்போது அடுத்த வீட்டுக்கும் கேக்கட்டும்னு குரல ஒசத்திச் சிரிப்பாரு. நானும் அந்த வேதத்த நம்புறவதான். அந்தச் சிரிப்பதான் எனக்குச் சகிக்காது.

2009 மழைக்காலத்துல அக்காவுக்குக் கால்ல புண்ணு வந்துச்சு. செருப்பு கடிச்சதுதான், ஆனா அவளுக்குச் சர்க்கரை ஜாஸ்தி, ஆறவே இல்ல. அந்த நேரம் பாத்து, ஜெபம் பண்ணியே சீக்கக் கொணமாக்குறேன்னு ஒரு ஊழியக்காரர் ஊருக்கு வந்து கூட்டம் போட்டாரு. ஜெபிச்ச எண்ணெய்னு மாமா அங்கேருந்து ஒரு புட்டி வாங்கியாந்தாரு. புட்டி மேல ஊழியக்காரரோட படம், வெள்ளைக் கோட்டு, பல்லெல்லாம் தெரியிற சிரிப்பு. ஷோகேஸ்ல ஒரு தட்டக் காலி பண்ணி அதுல வச்சு, முன்னாடி சின்ன பல்பு ஒண்ணு எரியவிட்டாரு. குளிக்காம யாரும் தொடக்கூடாது. வீட்டுக்குத் தூரமான பொம்பளைங்க கிட்டயே போகக்கூடாது. இதெல்லாம் வேதத்துல எங்க இருக்குன்னு கேட்டேன். "உனக்கு விசுவாசம் பத்தாது"ன்னு வாய அடச்சாரு.

அக்காவோட சர்க்கரை மாத்திரைய நிறுத்திட்டாரு. மருந்து சாப்புட்டா எண்ணெய் வேலை செய்யாதாம். எனக்குக் கடலூர்ல ஆபீஸ் வேலை. ஞாயித்துக்கிழமை சபை முடிஞ்சதும் பஸ் புடிச்சு அக்கா வீட்டுக்குப் போவேன். வாசப்படியிலயே நாத்தம் அடிக்கும். செண்ட்டு போட்ட எண்ணெயும் சீழும் கலந்த நாத்தம். துணியப் பிரிச்சா ஈ மொய்க்கும். மாமா ஈய ஓட்டிட்டு அது மேலயே இன்னுங் கொஞ்சம் ஊத்துவாரு.

"மாமா, வாயிருந்தும் பேசாது, கையிருந்தும் தொடாதுன்னு ஊரான் சாமியக் கேலி பண்றீங்களே. இதுக்கு வாயுங் கெடையாது, கையுங் கெடையாது. இத மட்டும் எப்புடி நம்புறீங்க?"

"அதுவும் இதுவும் ஒண்ணா? இது அபிஷேகம் பண்ணது."

"அவுங்களும் அதத்தான மாமா சொல்றாங்க."

அன்னைலேருந்து எங்கூடப் பேச்ச நிறுத்திட்டாரு. நிறுத்துனா நிறுத்தட்டும். மாத்திரைய முந்தானையில முடிஞ்சு கொண்டுபோயி, அவரு அந்தாண்ட போனதும் அக்கா கையில வைப்பேன். அவ என் மூஞ்சியப் பாக்காமயே முழுங்குவா. வாரத்துக்கொருக்கா முழுங்குன மாத்திரை என்னத்தக் கேக்கும்? கால் கறுத்துக்கிட்டே போச்சு.

ஒருநாள் ஆபீஸ்ல இருக்கேன், பக்கத்து வீட்டம்மா போன் பண்ணுனாங்க. அக்காவுக்குப் பேச்சில்ல, மாமா சபைக்குப் போயிட்டாரு, ஆட்டோ வச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாந்துட்டேன்னாங்க. அடிச்சுப் புடிச்சு ஓடுனேன். முழங்காலுக்குக் கீழ எடுத்தாதான் உசுரு மிஞ்சும்னு டாக்டர் சொன்னாரு. எடுத்தாங்க. அப்புறமா மாமா வந்தாரு, கையில அந்தப் புட்டி. கட்டு மேல தடவப் போனவர நர்சம்மா கையப் புடிச்சு வெளிய தள்ளுனாங்க. அந்தம்மாவக் கும்புடணும் போல இருந்துச்சு எனக்கு.

இதுக்கப்புறமாவது புத்தி வரும்னு நெனச்சேன். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டான்னு சும்மாவா சொல்லி வச்சாங்க. அதே ஊழியக்காரர் மறுபடியும் கூட்டம் போட்டாரு. "நான் மேடையில ஒண்ணு சொல்லணும், நீயும் வாடி"ன்னு அக்கா கூப்புட்டா. கால் போனதுலேருந்து அவ அந்த எண்ணெயப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்ல. உண்மையப் போட்டு ஒடைக்கப் போறா, அதக் கேட்டு நாலு குடும்பமாவது பொழைக்கும்னு நம்பித்தான் போனேன்.

மொதல்ல மாமா மைக்கப் புடிச்சாரு. உசுரே போயிருக்க வேண்டியதாம், எண்ணெய்தான் முழங்காலோட நிறுத்துச்சாம். கூட்டம் பூரா அல்லேலூயான்னுச்சு. என்னா வெக்கங்கெட்ட மனுஷன்.

அப்புறம் அக்கா கட்டைய ஊனிக்கிட்டு ஏறுனா. "என் தங்கச்சி குடுத்த மாத்திரைய ஒளிச்சு ஒளிச்சு முழுங்கிட்டேன்"னு அழுதா. "என் அவிசுவாசத்தாலதான் கால் போச்சு. ஆண்டவர் என்னை மன்னிக்கணும்."

ஊழியக்காரர் அவ தலையில கை வச்சு ஜெபிச்சுட்டு, புதுப் புட்டி ஒண்ணு நீட்டுனாரு. அக்கா கட்டைய அக்குள்ல இடுக்கிக்கிட்டு, அத ரெண்டு கையாலயும் வாங்கி, ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டா.